புலிக்காய் யார் கையில்?

பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பொழுது போகாமல் கிடக்கிறவருக்குத்தான் அதைப் போக்க ஒரு வழி வேண்டும். பொழுது போகவில்லை என்று என் அப்பத்தா ஒரு நாளும் சொன்னதில்லை. பொழுது போதவில்லை என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் குமாரலிங்கபுரம் வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்கள் எல்லாமே அப்படித்தான். மழை பொய்த்துவிட்டால் காட்டில் வேலை இருக்காது. ஆண்கள் மந்தையில் வேப்பமரத்தடிக் கல்லில் வந்து உட்கார்வார்கள். அதே மழை பொய்த்துவிட்டால் பெண்களுக்கு வேலை கூடும். பக்கத்துக் கிணறு வற்றினால் தண்ணீருக்கு இன்னும் தூரம் நடக்க வேண்டும். கூலி வராத வீட்டில் அடுப்பெரிய வேண்டுமானால் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுமக்க வேண்டும். ஒரே பஞ்சம் ஒருவருக்கு ஓய்வைக் கொடுத்தது, இன்னொருவரிடமிருந்து தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது. அந்த ஓய்வில் பிறந்த விளையாட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எனக்கு அதன் மேல் வெறி.

மந்தைக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கட்டம் வெட்டியிருந்தது. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விரிந்து இறங்கும் நான்கு கோடுகள். குறுக்கே மூன்று கோடுகள், அவற்றின் முனைகளை இருபுறமும் இணைத்து ஒரு செவ்வகம். அடியில் ஒரு கோடு. மொத்தம் 23 புள்ளிகள். ஒருவர் கையில் 3 புலி, மற்றவர் கையில் 15 ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைப்பார். பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலிகளோ தொடக்கத்திலிருந்தே நகரலாம். ஆட்டுக்குப் பின்னால் அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாவி அதை வெட்டிவிடும். ஆடு புலியை வெட்ட முடியாது. மூன்று புலிகளும் நகர இடமில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது.

உலகின் பல நாடுகளில் இன்று பெரியவர்கள் சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் காடும் மேடும் செய்து, அளவுநாடாவும் பகடையும் வைத்துப் போர் ஆடுகிறார்கள். அதில் ஒரு வகை உண்டு. நூற்றுக்கணக்கான பொம்மைகள் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு ஐந்தோ பத்தோ போதும். படைகள் மோதும் பெரும்போருக்குப் பதிலாக, ஒவ்வொரு ஆளும் கணக்கில் வரும் சிறு மோதல். இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு மந்தைக் கல்தான் ஞாபகம் வந்தது. பதினெட்டுக் காய்கள், இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு வெற்றி. வண்ணம் தீட்டிய பொம்மைக்குப் பதில் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும்.

நான் இதைக் கற்றது நின்றுகொண்டு. காட்டுக்குப் போகாத நாட்களில் தாத்தாவுக்கு மந்தைக்குக் கஞ்சி கொண்டுபோவேன். அவர் குடித்து முடித்துத் தூக்குவாளியைத் திருப்பித் தரும்வரை அங்கே நிற்கலாம். அந்தக் கால்மணி நேரம்தான் என் பள்ளிக்கூடம். ஒருநாள், தாத்தா வைக்கப்போன ஆட்டுக்குப் பின்னால் புள்ளி காலியாக இருந்தது. "அங்க வைக்காதீக தாத்தா, பின்னாடி வெறுசா கெடக்கு" என்று சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்கு மந்தையில என்ன சோலி? வாளிய வாங்கிட்டு வீட்டுக்குப் போ தாயி" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். தாத்தா எதுவும் சொல்லவில்லை. நான் சொன்ன இடத்தை விட்டுவிட்டு வேறு புள்ளியில் ஆட்டை வைத்தார். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் எரிகிறது. என் யோசனைக்கு அந்தக் கல்லில் இடம் இருந்தது, எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் அடுப்படித் தரையில் கரிக்கட்டியால் அந்த முக்கோணத்தை ஒரு கோடுகூடப் பிசகாமல் இழுத்தார். அவர் மந்தையில் உட்கார்ந்தவரில்லை. நாற்பது வருடம் தலையில் குடத்தோடும் விறகோடும் அந்தக் கல்லைக் கடந்து போனவர். கடந்து போகும்போதே பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறார். உலை கொதித்து வருவதற்குள் ஒரு ஆட்டம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முந்தானையால் துடைத்துவிடுவார். எத்தனையோ ஆட்டம் ஆடினோம், ஒன்றைக்கூட முடித்ததாக எனக்கு நினைவில்லை. பாதியில் பால் பொங்கும், மாடு கத்தும், யாராவது கூப்பிடுவார்கள்.

"பெண்களுக்குத்தான் பல்லாங்குழி இருக்கிறதே, தாயம் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. பல்லாங்குழி கூர்மையான ஆட்டம், நான் அதைத் தாழ்த்திப் பேச மாட்டேன். ஆனால் அதை எங்கே, எப்போது ஆடவிட்டார்கள் என்று பாருங்கள். வயதுக்கு வந்து குடிசையிலோ மூலையிலோ உட்காரவைத்த நாட்களில் ஆடினாள். நிறைமாதத்தில் நடமாட முடியாதபோது ஆடினாள். பல வீடுகளில் பல்லாங்குழிப் பலகை சீர்வரிசையோடு போனது. பல்லாங்குழியில் ஒருத்தி தனியாகவே ஆடும் முறை ஒன்று உண்டு. அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோக வனத்தில் சிறையிருந்தபோது சீதை ஆடியதாம். ஒரு பெண் தன்னந்தனியாக விளையாட உட்கார வேண்டுமென்றால் அவளை யாராவது சிறையெடுத்திருக்க வேண்டும் என்று நம் கதையே சொல்கிறது. வெளியே போக விடாத நேரத்தைக் கழிக்க அவளுக்கு ஒரு பலகை. வெளியே உட்கார்ந்து நேரத்தைச் செலவழிக்க அவனுக்கு ஒரு கல். இரண்டையும் விளையாட்டு என்று ஒரே பெயரில் கூப்பிட்டுவிடுகிறோம்.

கல்லூரி விடுதிக்கு வந்த பிறகுதான் நான் முதன்முதலாக ஓர் ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்தேன். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பின். அன்று தொற்றியது இன்னும் விடவில்லை. பழைய வேட்டித் துணியில் கட்டத்தைத் தைத்து வைத்திருக்கிறேன். பேருந்தில், ரயிலில், மருத்துவமனை வராந்தாவில் விரிப்பேன். 23 புள்ளிகளுக்கும் எண் கொடுத்து, ஆடிய ஆட்டங்களை நோட்டில் எழுதுகிறேன். முதல் ஆடுகளை ஓரத்தில் வைக்க வேண்டும். ஓரத்தில் இருப்பதைத் தாண்டிக் குதிக்கப் புலிக்கு வழி குறைவு. ஒவ்வொரு ஆட்டுக்கும் முதுகில் இன்னொரு ஆடு வேண்டும். நாலைந்து ஆடு போய்விட்டால் மிச்சத்தை வைத்துப் புலியை அடைப்பது பெரும்பாடு. புலி ஆடுகிறவர் பேராசைப்பட்டு மூலைக்குள் போய் ஒரு ஆட்டைத் தின்றால், திரும்பி வரும் வழி அடைபடும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது நான் யாருடைய மகளும் இல்லை, மனைவியும் இல்லை, அம்மாவும் இல்லை. அடுத்த புள்ளி எது என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்த வெறிக்கு மூன்று பக்கத்திலிருந்து எதிர்ப்பு வருகிறது.

முதலாவது மந்தையில் கேட்ட குரல். பொம்பளைக்கு எதற்கு இது? இதற்குப் பதில் சொல்லி நான் நேரத்தை வீணாக்கப்போவதில்லை.

இரண்டாவது, கைதட்டிக்கொண்டே வரும் எதிர்ப்பு. பாரம்பரிய விளையாட்டை மீட்கிறோம் என்று கிளம்பியிருக்கும் நண்பர்கள். "நல்லது, பெண்கள்தான் இதையெல்லாம் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், கவனம் வரும், விரலுக்குப் பயிற்சி" என்பார்கள். ஆண்கள் தலைமுறை தலைமுறையாக மந்தையில் ஆடினார்களே, யாராவது அவர்களிடம் போய் இதனால் பிள்ளைகளுக்குக் கணக்கு வருமா என்று கேட்டார்களா? அவர்கள் ஆடியது ஆசைக்கு. நான் ஆடினால் மட்டும் அது பண்பாட்டுச் சேவையாகவோ குழந்தை வளர்ப்பாகவோ மாற வேண்டும். பயன் சொன்னால்தான் பெண்ணின் நேரத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. தையல் கற்றால் வருமானம், யோகா செய்தால் ஆரோக்கியம், புத்தகம் படித்தால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எதற்கும் உதவாத ஒன்றை, பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்ய எனக்கு வேண்டும். அந்த உரிமையைத்தான் கேட்கிறேன்.

மூன்றாவது எதிர்ப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. ஒரு தோழி கேட்டார்: "வெட்டுவது, அடைப்பது, பிடிப்பது என்று எல்லாமே ஆண்களின் போர் மொழி. அதற்குள் நாம் ஏன் இடம் கேட்க வேண்டும்?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். போரில் பெண்ணுடல்மேல் நடப்பது என்ன என்று நமக்குத் தெரியும். பக்கத்துத் தீவைப் பார்த்தவர்கள் நாம். ஆனாலும் எனக்கு இரண்டு பதில்கள் உண்டு.

ஒன்று, இந்த விளையாட்டுக்குள் பெண்கள் எப்போதும் இருந்தார்கள். வெளியே வைத்துச் சொன்னது கதை எழுதியவர்கள்தான். எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைப் போருக்கு ஒரு விதிநூல் எழுதினார். இது பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயதுவரையுள்ள பையன்களுக்கானது, பையன்களின் விளையாட்டை விரும்பும் கொஞ்சம் அறிவுகூடிய பெண்ணுக்கும் ஆகும் என்ற பொருளில் அதன் துணைத்தலைப்பே அமைந்தது. நூற்றைம்பது வயதுக் கிழவருக்கும் தடையில்லை. பெண்ணுக்கு மட்டும் அறிவுப் பரீட்சை. ஆனால் அதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருடம் முன்பே, 1826இல், இங்கிலாந்தின் ஹாவர்த் ஊரில் ஒரு பாதிரியார் தன் மகனுக்குப் பன்னிரண்டு மரப் படைவீரர்கள் கொண்ட பெட்டி ஒன்று வாங்கி வந்தார். மகனுக்குத்தான் வாங்கினார். மூத்த மகள் ஓடிவந்து ஒரு வீரனை எடுத்து அவனுக்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். தங்கைகளும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மகள்கள் சார்லட், எமிலி, ஆன் பிராண்டி. அந்தப் பொம்மைகளுக்காக அவர்கள் கண்ட கற்பனை நாடுகளிலிருந்துதான் அவர்களின் எழுத்தே தொடங்கியது. வாங்கிக் கொடுக்காத பொம்மையைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. 1942இல் லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியின் தலைமையில் ஒரு சிறு பிரிவு தொடங்கியது. ஒரு பெரிய அறையின் தரையே கடல். சாக்பீஸால் கப்பல்களின் வழியை வரைவார்கள். அதை நடத்தியவர்கள் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள், பலர் இருபதைத் தாண்டாதவர்கள். கடலுக்குப் போயே இராதவர்கள், கடலிலிருந்து வந்த கப்பல் தலைவர்களுக்குத் தப்பும் வழியும் தாக்கும் வழியும் காட்டினார்கள். நீர்மூழ்கியை மடக்க அங்கே வகுத்த முதல் உத்திக்குப் பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற பெண். தளபதி மேக்ஸ் ஹார்ட்டன் தானே நீர்மூழ்கியின் பக்கம் ஆடிப் பார்த்து, ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்ணிடம் திரும்பத் திரும்பத் தோற்றார் என்பார்கள். போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி உலகம் விரிவாகப் பேசத் தொடங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அவசரம் வந்தால் கல்லில் உட்காரச் சொல்வார்கள், அவசரம் தீர்ந்தால் வாளியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது பதில் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றிப் பெண்கள் கூட்டத்தில் பேசினால் எல்லோரும் உடனே ஆட்டின் பக்கம் போய்விடுகிறார்கள். "ஆயுதமில்லாத பல ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை அடைக்கின்றன, எவ்வளவு அழகான பாடம்!" அழகுதான். நானும் அப்படிப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சே எனக்குச் சலிக்கிறது. கற்பனையில்கூட நமக்குக் கொடுக்கும் காய் ஆடுதானா? பொறுமையாக இரு, ஒருத்திக்கொருத்தி முதுகாக நில், இரண்டு மூன்றைப் பலி கொடு, கடைசியில் ஜெயிப்பாய். இதை நமக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு விளையாட்டு வேண்டுமா? பிறந்ததிலிருந்து இதைத்தானே ஆடுகிறோம்.

எனக்குப் புலி ஆடப் பிடிக்கும். தாவி வெட்டப் பிடிக்கும். எதிராளி கவனிக்காத காலிப் புள்ளியைக் கண்டுபிடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு துள்ளல் வருமே, அது பிடிக்கும். அடைபட்டுத் தோற்கும்போது ஆத்திரப்படவும் பிடிக்கும். எந்தப் புளியங்கொட்டைக்கும் ரத்தம் வராது. யாருக்கும் துன்பம் தராமல் மூர்க்கமாக இருந்து பார்க்க எனக்குக் கிடைத்த இடம் அந்த 23 புள்ளிகள்தான். அதை ஆணுடைய குணம் என்று தோழியும் சொன்னால், மந்தைக்காரர் சொன்னதையேதான் அவரும் வேறு வார்த்தையில் சொல்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மந்தைக் கல் எல்லா ஆண்களுக்கும் உரியதாக இருந்ததில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தவர் உட்காரலாம், எவர் நின்றபடி பேச வேண்டும் என்று சாதி எழுதி வைத்திருந்தது. அதைக் காத்ததில் எங்கள் தெருப் பெண்களுக்கும் பங்கு உண்டு. என் அப்பத்தாவுக்கும் உண்டு. எனவே, தாத்தா உட்கார்ந்த இடத்தில் பேத்தியும் உட்கார்ந்தால் போதும் என்று நான் கேட்டால் அது பாதி நியாயம்தான். எல்லோரும் உட்காராத கல்லில் எனக்குக் கிடைக்கும் இடம், பங்கு பிரித்த அதிகாரம் மட்டுமே.

இனி நேரத்துக்கு வருவோம். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது: சம்பளமில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. அதாவது நம் கையிலிருந்த வேலையை அவர்கள் வாங்கிக்கொண்டதால் வந்த பத்து நிமிடம் இல்லை அது. அந்தப் பத்து நிமிடத்தில், நிதானமாக ஆடுகிறவளுக்குப் பதினைந்து ஆட்டையும் வைத்து முடிக்கவே நேரம் பத்தாது.

ஆகவே பெண்கள் விளையாட வேண்டும் என்று வெறுமனே சொல்வது ஏமாற்று. யார் உலை வைப்பது என்று கூடவே சொல்ல வேண்டும். மகளிர் தினத்துக்கு ஒரு மணி நேரம் கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் நடத்தி எவர்சில்வர் கிண்ணம் கொடுத்து அனுப்புவதை இனி ஏற்றுக்கொள்ளக் கூடாது. பரிசாகக்கூடப் பாத்திரம்தான் தருகிறார்கள், கவனித்தீர்களா? நூறுநாள் வேலைக்குப் போகிற இடத்து மரத்தடியில், பேருந்து நிறுத்தத்துத் திண்டில், ரேஷன் கடை வாசலில், மகளிர் குழுக் கட்டடத் தரையில் கட்டம் போடுவோம். செலவு ஒரு கரிக்கட்டி. பார்த்துக்கொண்டு நிற்கும் சிறுமியை உட்காரச் சொல்வோம், அவள் எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்காமல். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வீட்டு ஆண்கள் சமைக்கட்டும். ஆட்டம் முடியும்வரை யாரும் கூப்பிடக் கூடாது.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். உச்சி வெயில். மந்தையில் ஆளில்லை. கட்டம் தேய்ந்து, பாதிக் கோடுதான் தெரிந்தது. இளவட்டங்கள் இப்போது செல்போனில் சுட்டு விளையாடுகிறார்கள். நான் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். முதன்முறையாக. சுண்ணாம்புக்கட்டியால் தேய்ந்த கோடுகளை மறுபடி இழுத்தேன். குடத்தோடு போன மதினி நின்றார். "என்னத்தா, யாருக்காகக் காத்திருக்க?" என்றார்.

"எதிர்ல உக்கார ஆள் வேணும் மதினி. வாங்களேன்."

"சோலி கெடக்கு தாயி" என்றார். ஆனால் போகவில்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மொத ஆட்ட அந்த ஓரத்துல வை" என்றார்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடம் அந்த வழியாக நடந்து போயிருப்பார்! குடத்தை வாங்கிக் கல்லுக்குக் கீழே வைத்தேன். ஆடுகளை என் பக்கம் இழுத்துக்கொண்டு, மூன்று புலிகளையும் அவர் கையில் கொடுத்தேன்.